என் டிஸ்க்கைத் தப்பாகப் படித்தது யார்

சின்ன வயதில் என் தோளிலும், இப்போது கடலுக்கு அப்பாலும் ஏறி உட்கார்ந்திருக்கும் என் அருமை மருமகளுக்கு,

உன் தாய்மாமன் தன் கைப்பட எழுதுவது. இங்கு நானும் உன் அத்தையும் சுகம். உன் சுகம் அறிய ஆவல். ஆவலை ஒரு ஓரமாக வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீட்டுக்குள் சதி நடக்கிறது.

கைப்பட எழுதுவதிலிருந்தே ஊகித்திருப்பாய், கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அம்மாவின் குரல் எங்கேயாவது இருக்குமா மாமா என்று போன வாரம் கேட்டாய். அவள் போனபிறகு நீ என்னிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான். உலகத்தில் அவள் குரல் மிச்சமிருப்பதும் ஒரே இடத்தில்தான், இந்தக் கிழட்டுப் பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கில். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது, மைக் வாங்கிய புதிதில், அது வேலை செய்கிறதா என்று நான் சோதித்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா உள்ளே வந்தாள். வந்து, மாடியில் குடியிருக்கும் என் மச்சினனை, அதாவது உன் அத்தையின் தம்பியை, திட்டித் தீர்த்தாள். அத்தனையும் பதிவாகியிருக்கிறது. சாதாரணத் திட்டா அது? கேட்டால் சுவரில் சுண்ணாம்பு உதிரும். அதைவிடச் சின்னத் திட்டுக்கெல்லாம் சாம்ராஜ்யங்கள் சரிந்திருக்கின்றன. இப்போது சொல், அது அழிந்தால் லாபம் யாருக்கு?

நீ கேட்டதும் பெட்டியைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 'டிஸ்க் ரீட் எரர்' என்று வந்து நின்றது. நீ கம்ப்யூட்டர் படித்தவள், உனக்கு அது தினசரி சமாசாரம். நான் ஆயுள் முழுக்க அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். அங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ரீடர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய பெரிய மனிதர்களின் வாழ்த்துரைக்கே காலை எடுத்துவிட்டுக் கொம்பு வைத்தவன். எனக்கு 'ரீட் எரர்' என்றால் ஒரே அர்த்தம்தான். யாரோ என் டிஸ்க்கைப் படித்திருக்கிறான், அதுவும் தப்பாகப் படித்திருக்கிறான். இல்லையென்றால் 'ரீடர் எரர்' என்று என்னைக் கேலி செய்து டைப் அடித்து, அதிலும் எழுத்தை விட்டிருக்கிறான். எழுத்தை விடுகிற ஆள் இந்தக் கட்டடத்தில் ஒருவன்தான். 'மோட்டார் சுற்றித் தப்படும்' என்று வாசலில் போர்டு வைத்திருப்பவன் அவன்.

மாடி ஏறினேன். மடியில் ஒரு ஃபேன் மோட்டாரை வைத்துச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான்.

"என் டிஸ்க்கைப் படிச்சியா?"

"எதை அத்தான்?"

"தெரியாத மாதிரி கேக்காத. படிச்சதுதான் படிச்ச, தப்பில்லாம படிக்கக் கூடாதா?"

"நான் பேப்பரே படிக்கிறதில்ல. படிச்சா நீங்க கேள்வி கேப்பீங்க."

பிறகு நிதானமாக மோட்டாரைக் கீழே வைத்தான். "டிஸ்க்கைப் படிக்க முடியலன்னு கம்ப்யூட்டர் சொல்லுது, அவ்வளவுதான். சும்மா சும்மா போட்டு அணைக்காதீங்க, மிச்சம் இருக்கிறதும் போயிரும். கேபிள் லூஸா இருந்தாலும் இப்படி வரும். நான் பாக்கட்டுமா?"

அக்கறையைப் பார்த்தாயா? அக்கறை அளவு மீறினால் நான் முதலில் என் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பவன். பெட்டியைப் போர்வையில் சுற்றி டாக்ஸியில் மடிமேல் வைத்துக்கொண்டு, கடைத்தெருவில் 'கம்ப்யூட்டர் டாக்டர்' என்று போர்டு போட்டிருப்பவனிடம் போனேன். டாக்டர் நாடிகூடப் பிடிக்கவில்லை.

"ஃபார்மட் அடிச்சிரலாம் சார். புதுசு மாதிரி ஆயிரும்."

"அடிச்சா உள்ள இருக்கிறது?"

"எல்லாம் கிளீன்."

கிளீனாம். கொலையைக்கூட இவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை. அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். கடை ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. "இதை யார் ரிப்பேர் பண்ணது?" என்று கேட்டேன். "உங்க மாடி வீட்டுக்காரர்தான் சார், தங்கமான மனுஷன்" என்றான். எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. பெட்டியை வாரிக்கொண்டு வீடு வந்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

உன் அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "பூட்டி வச்சா அது பேசிருமா? அந்தப் பொண்ணு வாயைத் திறந்து ஒண்ணு கேட்டிருக்கா. சாவியை என் தம்பிகிட்ட குடுக்கிறீங்களா, நான் பீரோவோட குடுக்கட்டுமா?"

பீரோ என் கல்யாணத்துக்கு அவள் வீட்டிலிருந்து வந்தது. சாவியைக் கொடுத்தேன். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட வேண்டும், டார்ச் நான்தான் பிடிப்பேன் என்று நிபந்தனை போட்டேன். மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்த தூசியில் ரெண்டு போகம் விளைவிக்கலாம். ரிப்பன் மாதிரி பட்டையான ஒரு கேபிளைத் தொட்டதும் அது கையோடு வந்துவிட்டது. "இதான் அத்தான்" என்றான். கள்ளன் சாவியை எடுத்துக் காட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு. உடனே வேறு கேபிள் போடு என்றேன். "முதல்ல காப்பி எடுப்போம், ரிப்பேரெல்லாம் அப்புறம். டிஸ்க்கை என் கம்ப்யூட்டர்ல ரெண்டாவதா மாட்டி, வர்ற வரைக்கும் எடுத்திரலாம்" என்று சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் கழற்றிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

இதை எழுதும் இந்த நிமிடம் உன் அம்மாவின் குரல் எதிரியின் கோட்டையில் இருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. நான் படியில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டை வைத்து எழுதுகிறேன். உள்ளே அவன் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. டிஸ்க்கை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எதற்கம்மா சிரிக்க வேண்டும்? தனக்கு விழுந்த திட்டை ஒவ்வொரு வரியாக அழிக்கிறான், வேறென்ன? பதிவு உனக்கு வந்து சேராவிட்டால் காரணம் யார் என்று நீ அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. மாடிக்கு மட்டும் விசாரித்ததாக எழுதாதே.

நீ எடுக்கும் காரியமெல்லாம் ஒரு பிழையும் இல்லாமல் அச்சேற ஆசீர்வதிக்கும்,
உன் மாமா.

பின்குறிப்பு: பிழை திருத்தம். மேலே 'மச்சினனைத் திட்டித் தீர்த்தாள்' என்று இருப்பதை 'என்னைத் திட்டித் தீர்த்தாள்' என்று திருத்திப் படிக்கவும். பிற இடங்களையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளவும். கடிதத்தையே கிழித்திருப்பேன், உன் அத்தை அதற்குள் உறையில் ஸ்டாம்ப் ஒட்டிவிட்டாள்.

கதவு தாழ்போடாமல்தான் இருந்தது, வெறுமனே சாத்தியிருக்கிறான். பதிவு முழுசாக வந்துவிட்டது. "சிவப்புப் பேனாவைக் காதுல சொருகிக்கிட்டு, அதை அந்த மாடிப் பையன் எடுத்துட்டான்ங்கிறியே, உனக்கு வெக்கமா இல்லையாடா?" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் என்னைத்தான் வாங்குகிறாள். என் நினைவில் அது வேறு மாதிரி அச்சாகியிருந்தது. நடுவில் ஒரு குரல், "விடுங்கக்கா, அத்தான் பாவம்" என்கிறது. அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

உனக்கு அவனே அனுப்பிவிட்டான். திட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதே. மைக்கை அணைக்க அன்று எனக்குத் தெரியவில்லை, அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அப்புறம் தள்ளி எங்கிருந்தோ, "ஏய் பொடிசு, தலை துவட்டினியா?" என்று கேட்கிறாள். "ம்" என்று ஒரு சத்தம். "பொய் சொல்லாத. இங்க வா."

ஈரக்காலோடு யாரோ ஓடி வருகிறார்கள். அதோடு முடிகிறது.