வெயிலுக்கேற்ற தோல்

"இன்னொரு வாட்டி சொல்லுங்க சாப். எந்த மாதிரி ஜாக்கெட்?"

"வெயில்ல வேர்க்கக் கூடாது. ஏசியில குளிரக் கூடாது. தோல்ல இருக்கணும்," என்றார் ஹெர்பர்ட்.

இம்தியாஸ் பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். சிவாஜிநகரில் முப்பது வருடமாகத் தோல் வியாபாரம் செய்கிறவர். மார்ச் மாதத்து மத்தியானத்தில் ஜாக்கெட் கேட்டு யாரும் அவர் கடைப் படி ஏறியதில்லை.

"ஜனங்க எல்லாம் ஃபேன் வாங்கினு போற நேரம் சாப் இது."

"தெரியும் பாய். நீங்க காட்டுங்க."

ஹெர்பர்ட்டின் அவஸ்தை ஹெர்பர்ட்டுக்குத்தான் தெரியும். தொம்மலூரில் அவர் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் ஆபீசில் போன வாரம் மேசைகளை மாற்றிப் போட்டார்கள். ஜன்னலோரம் சௌகரியமாக இருந்த மனிதர், ஏசி காற்று இறங்கும் துவாரத்துக்கு நேர் கீழே வந்து சேர்ந்தார். லேசான காற்றுதான். ஆனால் அது பிடரியைத் தேடி வந்து இறங்கியது. இரண்டு தும்மல், தொண்டையில் ஒரு கரகரப்பு.

வேறு யாராவது என்றால் வெந்நீர் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஹெர்பர்ட்டால் முடியாது. இருபத்திரண்டு வருடமாக அவர் சபையின் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று பாடுகிறவர். யாரும் அவரைத் தனியாகப் பாடச் சொன்னதில்லை. இந்த ஈஸ்டர் விடியற்கால ஆராதனையில்தான் முதல்முறையாக ஒரு சோலோ கிடைத்திருக்கிறது. அது கிடைத்த நாளன்று வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஐம்பத்து நான்கு வயசு மனிதர் கொஞ்சம் அழவும் செய்தார். அது மனைவி கேத்தரினுக்கு மட்டும் தெரியும்.

போன சனிக்கிழமை ஒத்திகையில் அவர் இருமினார். குழுவை நடத்தும் ஐரின் டீச்சர் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார்.

"தொண்டைய பாத்துக்குங்க ஹெர்பர்ட். முடியலன்னா டெஸ்மண்ட் பாடட்டும்."

"நான் இருக்கேன் பிரதர், கவலப்படாதீங்க," என்று டெஸ்மண்ட் பக்கத்திலிருந்து தோளைத் தட்டினார். அந்தத் தட்டு ஹெர்பர்ட்டுக்குப் பிடிக்கவில்லை. டெஸ்மண்டுக்கும் இதே ஆபீஸ்தான், மூன்று மேசை தள்ளி. ஏசியைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி அவர் தலைக்கு மேலேதான் இருந்தது.

ஸ்வெட்டர் போட்டால் ஹெர்பர்ட்டுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். சால்வை போர்த்தியபோது கம்ப்யூட்டர் பிரிவு ஷ்ரேயா, "அங்கிள், கல்யாண வீடா?" என்று கேட்டாள். கேத்தரின் குரங்குக் குல்லாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதைவிடத் தொண்டை போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது. அப்புறம்தான் தோல் ஜாக்கெட் என்ற யோசனை உதித்தது. தொண்டையும் பிழைக்கும், மானமும் பிழைக்கும்.

இம்தியாஸ் பாய் மேசைமேல் மூன்று தோல்களைப் பரப்பினார்.

"இது குட்டி ஆட்டுத் தோல். கையில புடிச்சிப் பாருங்க, வெண்ணெ. இது வெள்ளாடு. கொஞ்சம் உறுதி, ஆனா கனம் இல்ல. இது எருமை. இது டிசம்பர்ல புல்லட்ல கூர்க் போறவனுக்கு. உங்களுக்குக் குட்டி ஆடு போதும். மேல பெயிண்ட் மாதிரி சாயம் பூசுன தோல எடுக்காதீங்க, மூச்சு விடாது. உள்ள காட்டன் துணி வெச்சி, கக்கத்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டுத் தரேன். வெயிலுக்கு ஃபஸ்ட் கிளாஸ்."

"ஆபீஸ் போற வரைக்கும் பையில மடிச்சு வச்சுக்கலாமா?"

"தோபா, தோபா! மடிச்சா கோடு விழுந்திடும் சாப். போட்டுக்கினே போங்க."

ஹெர்பர்ட் போட்டுக்கொண்டே போனார். வீடு இருந்த ஜீவனஹள்ளியிலிருந்து தொம்மலூர் வரை எத்தனை சிக்னல் உண்டோ அத்தனையிலும் ஸ்கூட்டரோடு நின்றார். எவ்வளவு மெல்லிய தோலாக இருந்தாலும் தோல் தோல்தான். ஆபீஸ் பேஸ்மெண்டில் வண்டியை நிறுத்தியபோது மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

பேஸ்மெண்டில் சந்தானம் நின்றிருந்தார். லிஃப்ட் நின்றாலும், தண்ணீர் வராவிட்டாலும், பல்ப் எரியாவிட்டாலும் அந்தக் கட்டடத்தில் எல்லாரும் கூப்பிடுவது அவரைத்தான்.

"அய்யய்யோ, என்னா சார் இப்பிடி வேர்த்து ஊத்துது! இந்த வெயில்ல எதுக்கு சார் இது?"

ஏசி குளிர் தாங்கவில்லை என்று சொல்ல ஹெர்பர்ட்டுக்கு வாய் வரவில்லை. வயசாகிவிட்டது என்று சொன்ன மாதிரி இருக்கும்.

"சும்மா, ஸ்டைலுக்கு சந்தானம்," என்றார்.

இரண்டு நாள் சுகமாகப் போயிற்று. மூன்றாம் நாள் காற்று கொஞ்சம் சில்லென்று இறங்கியது. வெயிலுக்காகப் பாய் போட்டுக்கொடுத்த ஓட்டைகள் வழியாக அது கக்கத்துக்குள் நுழைந்து நலம் விசாரித்தது. அன்று மாலை மறுபடி இருமல்.

"ஓட்டை இல்லாததா ஒண்ணு குடுங்க பாய்!"

"ஓட்டை இல்லன்னா வெயில்ல வேகும் சாப்."

"வெந்தா பரவால்ல. காத்து வரக் கூடாது."

பாய் மாற்றிக்கொடுத்தார். வெள்ளாட்டுத் தோல், ஓட்டை கிடையாது, கழுத்து வரை ஜிப். மறுநாள் பேஸ்மெண்டில் ஹெர்பர்ட் ஹெல்மெட்டைக் கழற்றியதும் சந்தானம் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார்.

"சார், ஸ்டைலா முக்கியம்? ஒடம்ப பாருங்க சார்!"

"பழகிடும்பா," என்று ஹெர்பர்ட் சிரித்தபடி லிஃப்டுக்குள் போனார்.

அந்த வாரம் ஆபீசே விறைக்க ஆரம்பித்தது. ஷ்ரேயா, கேலி செய்த அதே சால்வையை ஹெர்பர்ட்டிடம் இரவல் கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டாள். எதிர் மேசை சாய்கிருஷ்ணா காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு டைப் அடித்தான். குறை சொல்வதற்கென்று கம்பெனி கொடுத்திருந்த ஆப்பில் ஹெர்பர்ட் பெயர் போடாமல் ஒரு புகார் எழுதினார். 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. மறுநாள் இன்னும் குளிர்ந்தது.

ஹெர்பர்ட்டின் சந்தேகம் இப்போது சந்தேகமாக இல்லை. டெஸ்மண்ட் ஃபிளாஸ்க் நிறைய இஞ்சி டீ கொண்டுவந்து மடக் மடக்கென்று குடிப்பதை அவர் கவனித்தார். குளிரப் போகிறது என்று முன்னாலேயே தெரிந்தவன்தானே ஃபிளாஸ்க் கொண்டுவருவான்?

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போனபிறகு திரும்பி வந்தவர், கையும் களவுமாகப் பிடித்தார். டெஸ்மண்ட் நாற்காலிமேல் ஏறி நின்று, ஏசி பெட்டியின் மூடியை ஸ்கேலால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"டெஸ்மண்ட்! லெந்து நோன்பு நாள்ல இந்த வேலையா? ஒரு சோலோவுக்காக என்ன கொல்லப் பாக்கறியா?"

"ஐயோ பிரதர், நான் குளிர கொறைக்கப் பாக்கறேன்! பூட்டியிருக்கு, தொறக்க மாட்டேங்குது. என் தொண்டையும் போச்சு!"

குரல் கரகரவென்றுதான் வந்தது. ஆனாலும் ஹெர்பர்ட் நம்பவில்லை. நடிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டு நேராகச் சிவாஜிநகர் போனார்.

"எருமை குடுங்க பாய்."

"சாப், வேணாம். அல்லா மேல ஆணை, இது வெயிலுக்கு ஆகாது."

"குடுங்கன்னா குடுங்க!"

எருமைத் தோல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் பக்கவாட்டில் ஒட்டாமல் நின்றன. ஸ்கூட்டரில் பிரேக் பிடிக்கவே ஒரு முயற்சி வேண்டியிருந்தது. ஒரு சிக்னலில் டிராஃபிக் போலீஸ்காரர் பக்கத்தில் வந்து, "ஏன் சார், ஹுஷார் இல்வா?" என்று, உடம்பு சரியில்லையா எனக் கன்னடத்தில் அக்கறையாக விசாரித்தார். பேஸ்மெண்டில் சந்தானம் அவரைக் கைத்தாங்கலாக லிஃப்ட் வரை கூட்டிப்போனார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது அந்த நல்ல மனுஷனுக்கு.

அன்றைக்கு மேலே ஷ்ரேயாவின் கைப்பையில் இருந்த தேங்காய் எண்ணெய் கல்லாகிவிட்டது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் மாலை கடைசி ஒத்திகை. ஹெர்பர்ட் மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். காற்று வந்தது, பாட்டு வரவில்லை. இருபத்திரண்டு வருடக் காத்திருப்பு இப்படியா முடிய வேண்டும் என்று நினைத்தபடி பாட்டுப் புத்தகத்தை மூடினார்.

ஐரின் டீச்சர் பெருமூச்சு விட்டு, "டெஸ்மண்ட், நீங்க பாடுங்க," என்றார்.

டெஸ்மண்ட் பாடினார். கேட்டவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக் காக்கா எங்கே என்று பார்த்தார்கள்.

ஹெர்பர்ட் டெஸ்மண்டைப் பார்த்தார். டெஸ்மண்ட் ஹெர்பர்ட்டைப் பார்த்தார். நடிப்பில்லை. பாவம், நிஜமாகவே போயிருந்தது.

"ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை காலைல வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது," என்றார் டீச்சர். "யாருக்கு கொரல் வருதோ, அவரு பாடட்டும்."

வெள்ளி, சனி, இரண்டு நாளும் ஆபீஸ் லீவு. ஹெர்பர்ட் வீட்டிலேயே, பனியனோடு, ஃபேன்கூட இல்லாமல் கிடந்தார். கேத்தரின் வேளைக்கு ஒரு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். "கல்யாணம் ஆகி இவ்ளோ நிம்மதியா ரெண்டு நாள் இருந்ததே இல்லங்க," என்றும் சொன்னாள். பதில் சொல்ல முடியாத நிலையில் அவர் ரசத்தைக் குடித்தார்.

ஞாயிறு விடியலில் கோயில் நிரம்பி வழிந்தது. பாடகர் குழு எழுந்து நின்றது. டெஸ்மண்ட் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கிவிட்டு, ஹெர்பர்ட்டை முன்னால் போகச் சொல்லி முதுகில் கை வைத்தார். ஹெர்பர்ட் வெறும் வெள்ளைச் சட்டையில் முன்னால் வந்தார். வாயைத் திறந்தார்.

வந்தது! அடிவயிற்றிலிருந்து, கனமாக, கடைசி பெஞ்சு வரைக்கும் போயிற்று. முன் வரிசையில் கேத்தரின் கைக்குட்டையைத் தேடினாள். பாடி முடித்ததும் யாரோ கைதட்டிவிட்டார்கள், ஆராதனை என்றும் பார்க்காமல். ஹெர்பர்ட்டுக்குக் கால் தரையில் படவில்லை. வெளியே வந்ததும் டெஸ்மண்டைக் கட்டிக்கொண்டார்.

"மன்னிச்சுடுப்பா. உன்னத் தப்பா நெனச்சுட்டேன்."

"விடுங்க பிரதர். நானும் நீங்கதான் குளிர கூட்டுறீங்கன்னு நெனச்சேன். அவ்ளோ பெரிய ஜாக்கெட் போட்டுக்கினு வந்தா வேற என்ன நெனைக்கறது?"

அப்படியானால் செய்தது யார்? இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தே தீருவது என்று தீர்மானித்தார்கள்.

திங்கட்கிழமை காலை பேஸ்மெண்டில் இருவரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். ஹெர்பர்ட் அரைக்கைச் சட்டையில் இருந்தார். கையில் கேத்தரின் முந்திரி அரைத்துச் செய்த மார்சிபான் ஈஸ்டர் முட்டைகள் ஒரு டப்பா நிறைய. அதிலிருந்து பெரிதாக ஒன்றை எடுத்துச் சந்தானத்தின் கையில் வைத்தார்.

"சந்தானம், ஒரே ஒரு கேள்வி. எங்க மாடி ஏசி பெட்டியோட சாவி யார்கிட்ட இருக்கு?"

சந்தானம் முட்டையைக் கடிக்கப் போனவர் நிறுத்திவிட்டு, சட்டையோடு நின்ற ஹெர்பர்ட்டை ஆசை தீரப் பார்த்தார்.

"எங்கிட்டதான் சார், நீங்க அந்தத் தோலுக்குள்ள வெந்து வெந்து வர்றதப் பாத்து மனசு கேக்காம ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் நான்தான ஏசில குளிர கூட்டினே வந்தேன், ஒங்களுக்குக் கொஞ்சமாச்சும் எதமா இருந்துச்சா சார்?"