மண்ணூரில் ஓர் அங்கெல்லாம்காரி

அங்கெல்லாம்காரர்கள் என்றோர் இனம் உண்டு. உடை, வயது, படிப்பு எதை வைத்தும் இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. வாயைத் திறக்க வேண்டும். ஒரு வாக்கியம் "அங்கெல்லாம்…" என்று தொடங்கிற்றா? ஆள் அகப்பட்டாயிற்று. அங்கு என்றால் எங்கு? அவர்கள் போய்வந்த ஊர், நீங்கள் போகாத ஊர். தப்பித்தவறி நீங்களும் போயிருந்தால், நீங்கள் போன தெரு சரியில்லாத தெருவாகிவிடும்.

இந்த இனத்தில் நல்ல மாதிரி ஒன்று வேண்டுமென்றால் குன்றத்தூர் பிரவீனாவைப் பாருங்கள். நாலு வருஷம், முப்பத்தொரு நாடு. ஓரிடத்தில் திராட்சை பறித்து, ஓரிடத்தில் விடுதிப் போர்வைகளை மடித்து, கிடைத்த கூலியில் அடுத்த ஊருக்குப் பஸ் பிடித்து, அங்கும் இருப்புக்கொள்ளாமல் அதற்கடுத்த ஊருக்கு ஓடி, கடைசியில் பெற்றோர் வீட்டு மாடியறைக்கே வந்து சேர்ந்தவள். வந்த மூன்றாம் நாள், "அங்கெல்லாம் காலையில யாரும் சமைக்க மாட்டாங்க" என்றாள். அவள் அம்மா காந்திமதி இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இவள் அதிகம் மேற்கோள் காட்டும் நகரம் பெர்லின். அங்கே இருந்தது பதினோரு நாள். அதில் எட்டு நாள் காய்ச்சல்.

இப்படிப்பட்டவள் மண்ணூருக்கு ராக் இசை கேட்கக் கிளம்பினாள் என்றால் என்ன ஆகும்?

மண்ணூரில் கண்ணப்பனின் குடோன் இருக்கிறது. முன்பு கார் சீட்டுக்கான பஞ்சை அடுக்கி வைத்திருந்த இடம். கம்பெனி காலி செய்து போனபோது சுவரில் ஒட்டியிருந்த பஞ்சை மட்டும் விட்டுவிட்டுப் போனது. அந்தப் பஞ்சில் சத்தம் எதிரொலிக்காமல் அடங்குவதைக் கவனித்த கண்ணப்பன், ஒரு மேடை, இரண்டு ஸ்பீக்கர், அறுபது பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மாதம் ஒரு ஞாயிறு காலை பத்திலிருந்து மாலை ஏழு வரை, சொந்தமாகப் பாட்டுக் கட்டும் குழுக்களுக்கு விட்டுவிட்டார். சினிமாப் பாட்டு கூடாது என்பது ஒன்றே சட்டம். ஒரகடத்திலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் ஆட்கள் ஷிஃப்ட் முடிந்தும், ஷிஃப்ட் போகும் வழியிலும் வருவார்கள். இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்பவர்கள் அங்கே இரைச்சலுக்காகக் காதில் செருகும் ஆரஞ்சு நிறக் குமிழை இங்கேயும் செருகிக்கொண்டு தலையாட்டுவார்கள்.

பிரவீனா ஒன்பதரைக்கே வந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்து, அங்கெல்லாம் இதற்குத் தனியாக ஆள் வைத்துச் செய்வார்கள் என்றாள். காதுக் குமிழைப் பார்த்து, அங்கெல்லாம் வாசலிலேயே தருவார்கள் என்றாள். டீயைக் குடித்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. டீ நன்றாக இருந்தது.

பத்து மணிக்கு மூன்று பேர் மேடையேறி ஒலி சரிபார்த்தார்கள். நடுவில் நின்று கிதார் வாசித்துப் பாடியவன் இசக்கிபாண்டி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் வந்திருந்தான். தொழிற்சாலையில் ஒருநாள் லைன் நாலு நிமிடம் நின்றுபோகிறது. அந்த நாலு நிமிடத்தில் ஒரு பெண், லோடிங் ஷட்டர் வழியாக வெளியே பெய்யும் மழையைப் பார்க்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. பாதி பாடிவிட்டு, டிரம்ஸ் வாசிப்பவர் மத்தியானம்தான் வருவார் என்று இறங்கிப் போய், சுவரோரம் சாய்ந்து தூங்கிவிட்டார்கள்.

பிரவீனாவுக்குக் கை ரோமம் சிலிர்த்துவிட்டது. இதில் கேலி ஒன்றுமில்லை. முப்பத்தொரு நாட்டில் கேட்காத ஒன்றைக் குன்றத்தூருக்குப் பக்கத்தில் கேட்டுவிட்டாள். அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அங்கெல்லாம்காரர்களுக்கு ஒன்று பிடித்துப்போனால்தான் ஆபத்து. பிடிக்காததை அவர்கள் திட்டுவதோடு விட்டுவிடுவார்கள்; பிடித்ததைத் திருத்துவார்கள்.

வாசலில் வெள்ளைப் பலகையில் நிகழ்ச்சி வரிசை எழுதியிருந்தது. இசக்கிபாண்டியின் குழுவுக்கு மத்தியானம் பன்னிரண்டே கால். கல்யாணத்தில் இலை போடும் நேரத்துக்கா இவர்களை ஏற்றுவது? அங்கெல்லாம் எல்லாரையும்விட நல்ல குழு கடைசியில்தானே வாசிக்கும்? கண்ணப்பன் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போயிருந்தார். பிரவீனா துப்பட்டா நுனியால் அந்தப் பெயரை அழித்தாள். ஆறு மணிக்கு இருந்த சென்னைக் கல்லூரிப் பையன்களைப் பன்னிரண்டே காலுக்கு ஏற்றி, இவர்களை ஆறு மணிக்கு இறக்கி, முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரமும் போட்டாள். காரில் வந்து காத்திருந்த கல்லூரிப் பையன்களுக்கு ஒரே சந்தோஷம்.

பன்னிரண்டே காலுக்கு மாரிசெல்வி வந்தாள். டிரம்ஸ் வாசிப்பவள் இவள்தான். செல்போன் கம்பெனி யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸோடு இரண்டு குச்சிகள். மேடையில் கல்லூரிப் பையன்கள் கிதாருக்கான பதினோரு பெடல்களை வரிசையாக வைத்து வயர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பிரவீனா முகமெல்லாம் பூரிப்பாக ஓடிப்போய், ஆறு மணிக்கு மாற்றிவிட்ட நல்ல செய்தியைச் சொன்னாள்.

தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்த இசக்கிபாண்டி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"யக்கா, ஆறு மணிக்கு இவ லைன்ல நிப்பா," என்றான். "நாங்க நாலு பேரும் ஒண்ணா நிக்கது மாசத்துல இந்த ஒரு மணி நேரந்தான். அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறிரும்."

மாரிசெல்வி வாட்சைப் பார்த்தாள். "ஒண்ணு பத்துக்கு ஜங்ஷன்ல பஸ்ஸு. மூணு தடவ லேட்டாயிட்டு. நாலாவதுன்னா ஊருக்கு அனுப்பிருவாவ."

டீசல் கேனோடு வந்த கண்ணப்பன் பலகையைப் பார்த்தார். நட்சத்திரத்தைப் பார்த்தார்.

"இன்னாமா, நீயா மாத்தின? பஸ்ஸு டைம் பாத்துப் போட்டுக்கீறேன். எவன் நல்லா வாசிக்கிறான்னு பாத்தா போட்டேன்?"

ஆம். அந்த குடோனில் வரிசை என்பது புகழைப் பொறுத்ததல்ல, கம்பெனி பஸ்ஸைப் பொறுத்தது. ஒரகடத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த இந்தச் சங்கதி, லிஸ்பனில் எந்த டிராம் எத்தனை மணிக்கு வரும் என்று அறிந்தவளுக்குத் தெரியவில்லை.

பையன்கள் நல்லவர்கள், உடனே இறங்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பதினோரு பெடல்களையும் கழற்ற வேண்டுமே. கழற்றி, இவர்கள் மாட்டி முடித்தபோது மணி ஒன்று இரண்டு. பாட்டு ஆறு நிமிடம். ஜங்ஷனுக்கு ஓட ஐந்து நிமிடம். யாரும் வாய்விட்டுக் கூட்டிச் சொல்லவில்லை. பிரவீனா மட்டும், அங்கெல்லாம் இப்படி அவசரமென்றால் பாட்டைச் சுருக்கி… என்று ஆரம்பித்தாள்.

"நீ போய் பஸ்ஸ நிறுத்துமா," என்றார் கண்ணப்பன். "நாலு பாஷ தெரியும்னு காலைலருந்து சொல்லிக்கினு கீற. டிரைவராண்ட ஒண்ணுல பேசு."

ஓடினாள். அவளுக்குப் பிடித்த ஒரே பாட்டு முதுகுக்குப் பின்னால் தொடங்க, வெயிலில், ஒரு செருப்பு அறுந்து, ஜங்ஷனுக்கு ஓடினாள். பஸ் சரியாக ஒன்று பத்துக்கு வந்தது. கையை நீட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்றாள். டிரைவர் நாகப்பன் தலையை நீட்டி, பஸ்ஸில் ஜிபிஎஸ் இருக்கிறது, சும்மா நின்றால் ஆபீஸிலிருந்து போன் வரும் என்றார். பிரவீனாவுக்கு நாலு பாஷையும் மறந்துபோயிற்று. ஒன்றுதான் ஞாபகம் வந்தது.

"அங்கெல்லாம் ஒருத்தர் ஓடி வந்தா டிரைவர் காத்திருப்பாருங்க."

"அப்போ அங்கயே ஏறியிருக்கலாமே நீ."

கியர் போட்டார். பஸ்ஸுக்குள் மாரிசெல்வியின் விடுதித் தோழிகள் இருந்தார்கள். ஓட்டுநருக்குப் பின் சீட்டில் இருந்த தங்கமாரி, "அண்ணே, மாரி வாசிச்சிட்டிருக்கா," என்றாள். நாகப்பன் ஒரு கணம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, டயரில் காற்று பார்க்க வேண்டும் என்று பொதுவாக அறிவித்தார். டயர் பார்ப்பதற்கு எந்த ஆபீஸிலிருந்தும் போன் வராது. பஸ்ஸுக்கு ஆறு டயர். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் உதைத்து, குனிந்து, காது வைத்துக்கூடக் கேட்டார். பிரவீனா அவர் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனாள். அங்கெல்லாம் டயரை எப்படிப் பார்ப்பார்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமலிருந்தது அன்று இது இரண்டாவது தடவை.

ஆறாவது டயரில் மாரிசெல்வி வந்து சேர்ந்தாள். வியர்வை சொட்ட, கையில் குச்சியோடு. படியில் காலை வைத்தவள் திரும்பி, "முழுசா வாசிச்சிட்டோம்க்கா. எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருக்கும் பிரவீனா, வாழ்க்கையிலேயே முதல் முறையாக, "நான் கேக்கலை," என்றாள்.

"அப்போ எங்க அம்மா மாதிரிதான் நீங்களும். அவளும் இதுவரைக்கும் கேட்டதில்ல," என்று சிரித்துக்கொண்டே ஏறிப்போனாள் அவள். இரண்டு மணி ஷிஃப்டுக்கு ஒன்று ஐம்பத்தெட்டுக்கே கேட்டில் அட்டையைத் தேய்த்துவிட்டதாக இசக்கிபாண்டிக்குச் செய்தி வந்தது. அவன் அதைப் படிக்கவில்லை. தூங்கிவிட்டிருந்தான்.

பிரவீனா திருந்திவிட்டாள் என்று நினைத்தீர்களா? இந்த இனத்துக்கு அந்த வியாதி கிடையாது. இரண்டே வாரத்தில் அடையாறில் ஒரு நண்பர் வீட்டில், அந்தப் பாட்டு முதன்முதலாக மேடையேறியபோது தானும் மண்ணூரில் இருந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொய்யல்ல. மண்ணூரில்தான் இருந்தாள்.

இதையெல்லாம் எழுதி அவளிடமே படிக்கக் கொடுத்தாயிற்று. இரண்டு தரம் படித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். ஜார்ஜியாவில் தன்னோடு இப்படியே ஒருத்தி தங்கியிருந்தாள், அப்பப்பா, சகிக்கவே முடியாது என்றாள்.

நீங்களும் முதல் வரியிலிருந்தே உங்களுக்குத் தெரிந்த ஒருவரைத்தானே நினைத்துக்கொண்டு வருகிறீர்கள்? மைத்துனரோ, மேலதிகாரியோ, எதிர்வீட்டு அம்மாளோ? நன்றாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கைக்கும் இந்தப் பக்கம் போய்ச் சேரும். அவர் யாரை நினைத்துச் சிரிப்பார் என்று நினைக்கிறீர்கள்?