அழுவாதீங்க பாய்

கண்ணீருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு விரோதிதான் இருந்தார். அவர் காரைக்காலில், எங்கள் தெருவில், ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்காவது ஞாபகம் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம். தெருவுக்கு அவர் ‘அழுவாதீங்க பாய்’.

ரேடியோ ரிப்பேர் என்பதெல்லாம் பலகையில்தான். அவர் கைபட்டுப் பிழைத்த ரேடியோவை நான் கண்டதில்லை. நிஜத் தொழில் கேசட். அப்போது தெருவில் பாதி ஆண்கள் குவைத்திலும் துபாயிலும் இருந்தார்கள். கடிதம் என்றால் சிலருக்கு எழுதித் தர ஆள் தேட வேண்டும். கேசட்டுக்கு வாய் போதும். பெண்கள் பாயின் பெரிய டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து புருஷனுக்குப் பேசுவார்கள். விமானம் ஏறுகிற யாராவது கேசட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவார்கள். புருஷன் பேசிய கேசட்டும் அப்படியே திரும்பி வரும்.

பாய் கடையில் பேசுவதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. முகம் கழுவி, தலை வாரி வர வேண்டும்.

“அவுரு பாக்கவா போறாரு, பாய்?”

“கழுவாத மூஞ்சி கொரல்ல தெரியும். போயி கழுவிட்டு வாங்க.”

திட்டலாம். அதற்குத் தடையே கிடையாது. பட்டினச்சேரியிலிருந்து வந்த ஓர் அம்மாள் கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் புருஷனையும் அவன் பரம்பரையையும் கிழித்துத் தொங்கவிட்டார். பாய் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துவிட்டு, “மாஷா அல்லா, சுத்தமா பதிஞ்சிருக்கு” என்றார்.

ஆனால் குரல் கொஞ்சம் கம்மினால் போதும், டக்கென்று பட்டனை அமுக்கிவிடுவார். “அழுவாதீங்க!” டேப்பைப் பின்னால் ஓட்டி, அழுத இடத்தின் மேலேயே மறுபடி பேச வைப்பார். கடைசியில் மிச்சமிருக்கும் டேப்பில் ஊர்ச் சத்தத்தை இலவசமாகப் பதிந்து கொடுப்பார். போலகம் பஸ்ஸின் ஹார்ன், மீன்காரியின் கூவல், டீக்கடையில் வடை பொரிகிற சத்தம். அந்த வடைச் சத்தத்தைக் கேட்டுக் குவைத்தில் ஒருவர் குலுங்கிக் குலுங்கி அழுததாகத் தகவல் வந்தது. அன்றோடு வடைக்குத் தடை.

“ஏன் பாய் இந்தப் பிடிவாதம்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நான் சைகோன்ல வேல பாத்தப்ப என்கூட ஒருத்தன் இருந்தான், தம்பி. ஊட்டுலேருந்து அழுது கடுதாசி வந்துச்சு. சோறு எறங்கல, வேல ஓடல. அங்கயே மவுத்தாயிட்டான். தூரத்துல இருக்கவன் கையில அழுவைய குடுத்தா, அவன் அத எங்க வச்சுக்குவான்?”

நியாயமாகத்தான் பட்டது. செல்வி அக்காவின் விஷயம் வரும்வரை.

செல்வி என் கூடப் பிறந்த அக்கா. அத்தான் கல்யாணமான சூட்டோடு குவைத்துக்குப் போனவர். வருஷங்கள் போயின. அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வர வேண்டும். ஒவ்வொரு கேசட்டிலும் “வந்துடுங்க” என்று ஆரம்பிப்பாள், அழுதுவிடுவாள், பாய் அழித்துவிடுவார். மறுபடி பதியும்போது குழம்பும் மழையும் பக்கத்து வீட்டு வளைகாப்பும்தான் மிஞ்சும்.

அத்தானின் பதில் கேசட்டை அக்கா, பாய், நான் மூவரும் கடையில் உட்கார்ந்துதான் கேட்டோம். “நீ சந்தோஷமா இருக்கறது ஒன் கொரல்லயே தெரியுது செல்வி. அதான் தைரியமா இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து போட்டுட்டேன்.”

அக்கா எழுந்து நின்றாள். “என் அழுவையத்தானே பாய் அழிச்சீங்க? அதோட சேத்து என்னயும்ல அழிச்சிட்டீங்க!”

பாயின் முகம் செத்துப்போனது. “நாளைக்கு வாங்க தாயி. ஒரு பக்கம் முழுக்க அழுவுங்க. நான் கை வைக்க மாட்டேன்” என்றார்.

மறுநாள் ரெக்கார்டரை ஓடவிட்டுவிட்டு, வெளியே போய் நின்று ஆடு, மாடு, வாடிக்கையாளர் என்று பேதமில்லாமல் விரட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அக்காவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பட்டனைப் பார்த்து அழு என்றால் யாருக்குத்தான் வரும்?

அந்தச் சமயத்தில்தான் கடைத்தெருவில் ஐ.எஸ்.டி. பூத் வந்தது. எண்களைத் தட்டினால் குவைத் பேசும் என்றார்கள். பாயின் பிழைப்பில் மண் விழுந்தது என்று நாங்கள் நினைத்தோம். அவரோ முதல் ஆளாக அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். “இதுல அழிக்கிற பட்டன் கெடையாது தாயி. மனச தொறந்து பேசுங்க.” வெள்ளிக்கிழமை கம்பெனி போன் பக்கத்தில் இருக்கும்படி அத்தானுக்குக் கேசட்டில் சொல்லியும் அனுப்பியிருந்தார்.

கண்ணாடிக் கூண்டுக்குள் அக்கா ரிசீவரைப் பிடித்தாள். தலைக்கு மேலே கட்டண மீட்டரில் சிவப்பு எண்கள் தலைதெறிக்க ஓடின. அக்காவின் கண் அதைவிட்டு அகலவில்லை. “நல்லாருக்கேன். நீங்க? சாப்ட்டீங்களா?” அவ்வளவுதான் வந்தது. இத்தனை வருஷம் தேக்கி வைத்தது அத்தனையையும் அந்தச் சிவப்பு எண்கள் விழுங்கிவிட்டன.

வெளியே பாய் இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டினார். “அழுவுங்க தாயி! அழுவுங்க! மீட்டரு கெடக்கட்டும், அழுவுங்க!”

வரிசையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அழுவாதீங்க பாய் அழச் சொல்லிக் கெஞ்சுகிற வேடிக்கை வேறெந்த ஊரில் கிடைக்கும்? அக்கா, “சரி, வக்கிறேன்” என்று வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அத்தான் அந்த இரண்டு வருஷத்தையும் முழுசாக முடித்துவிட்டுத்தான் வந்தார். சென்னையில் குடித்தனம் வைத்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். எதிரெதிரே உட்கார்ந்து, “நல்லாருக்கியா? சாப்ட்டியா?” அத்தோடு பேச்சு முடிந்தது. வீட்டுக்குள்ளேயே மீட்டர் ஓடியது. கிட்டத்தில் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று வந்த அந்த பூத் சனியன் எதைச் சேர்த்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பூத் வந்தபின் பாய் கடைக்கு யாரும் போகவில்லை. வெறும் கடையில் முகம் கழுவித் தலை வாரி உட்கார்ந்திருப்பார். ஒருநாள் காலையில் பாய் மவுத்தாகிவிட்டார். அதே கண்ணாடிக் கூண்டிலிருந்து சென்னைக்கு அக்காவைக் கூப்பிட்டு நான்தான் சொன்னேன்.

அக்கா அழுதாள். பேச்சே கிடையாது, ஓவென்று வாய்விட்ட அழுகை. சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, ரிசீவரை வைக்கவும் இல்லை. அவள் அழுது முடிக்கட்டும் என்று நின்றேன். பாய் கேட்டதுதானே அது.