பிரேக் சாரும் வாசலில் நின்ற தாய்மாமனும்

காரைக்காலில் கோயில்காரர்களிடமும் திட்டு வாங்கி, கோயிலே வேண்டாம் என்பவர்களிடமும் திட்டு வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் பிரேக் சார்தான். சாமி கும்பிட மாட்டார். ஆனால் பழைய வழக்கம் ஒன்றை நிறுத்தலாம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், குறுக்கே வந்து நிற்பார். "வண்டியை நீங்க ஓட்டுங்க. பிரேக்கை மட்டும் எங்கிட்ட விடுங்க" என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் மல்லுக்கு நின்றது பக்தர்களிடம் இல்லை, எங்கள் ஆபீஸ் ஊழியர் சங்கத்துத் தோழர்களிடம். "நீங்களும் நாத்திகம், நானும் நாத்திகம். நமக்குள்ளதாங்க பேச முடியும்" என்று டீ ஆறிப்போகும்வரை பேசுவார். ஆபீஸில் ஆயுத பூஜையை நிறுத்தியபோது, "சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டா. இல்லாதவ எப்படிக் கோவிப்பா? ஆனா வருஷத்துல ஒருநாள் ஒட்டடை அடிச்சோமே, அதை இனிமே யாரு அடிப்பா?" என்றார். தோழர்கள் சிரித்தார்கள். மறு வருஷம் ஃபேனைப் போட்டால் தலையில் ஒட்டடை பூமாரியாகப் பொழிந்தது. அப்போதும் ஒருவரும் மனம் மாறவில்லை. ஒட்டடைக் கம்பு வாங்கத் தீர்மானம் போட்டார்கள்.

சங்கச் செயலாளர் தோழர் மணியனின் மகள் கல்யாணத்தில்தான் விஷயம் முற்றியது. ஐயர் இல்லை, தாலி இல்லை, சீர் வாங்குவதில்லை என்று பத்திரிகையிலேயே போட்டிருந்தார். சங்கத் தலைவர் மாலை எடுத்துக் கொடுப்பார், பெண்ணும் மாப்பிள்ளையும் மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான் கல்யாணம். ஆனால் மணியனின் மைத்துனர் அம்பகரத்தூரிலிருந்து பட்டும் பழமும் மாலையுமாகச் சீர்த்தட்டோடு வந்து மண்டப வாசலில் நின்றுவிட்டார்.

"தாய்மாமன் தட்டை வாங்கலேன்னா, எனக்கும் என் தங்கச்சிக்கும் இதோட முடிஞ்சுதுங்க."

மணியனின் மனைவிக்குக் கூடப் பிறந்தது அந்த ஒரே அண்ணன். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மணியன் அசையவில்லை. "இன்னிக்குத் தட்டும்பாங்க, நாளைக்குத் தாலிம்பாங்க. முடியாது." மேளமும் கிடையாது என்பதால் மண்டபமே கப்சிப்.

பிரேக் சார் எழுந்தார். போச்சுடா என்று நினைத்தேன்.

"தோழர், சாமி இல்லே, ஒத்துக்கறேன். மாமனும் இல்லையா?"

"சார், இது கொள்கை. வாதம் பண்ற நேரம் இல்லீங்க."

"தட்டை வாங்காதீங்க. இத்தனை வருஷமா ஒரு சொல்லைக் காப்பாத்தி வச்சிருக்கீங்க. அதை மாத்துன்னு நானா சொல்லுவேன்?"

முதல்முறையாக அவர் தன் பக்கம் பேசியதில் மணியனே திகைத்துப் போனார். பிரேக் சார் குரலைத் தாழ்த்தினார். "மாலையைத் தலைவர்தான் எடுத்துக் குடுக்கணும்னு எந்தக் கொள்கையிலங்க இருக்கு? மாமன் குடுக்கட்டுமே."

மேடையிலிருந்த தலைவர் தொண்டையைச் செருமினார். மணியன் மனைவியைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார்.

"மச்சான், தட்டு வேணாம். நீங்க வாங்க. மாலையை நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்."

மைத்துனர் தட்டைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். தட்டை அங்கிருந்த நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். மாலையை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். பிரேக் சார் வாசலில் தட்டுக்குக் காவல் இருந்தார். பிற்பாடு அதில் ஒரு வாழைப்பழம் குறைந்தது.

மறுவாரமே அவரைப் பழமைவாதி என்று தோழர்கள் பழையபடி திட்டினார்கள். கடைசிவரை ஒருவரைக்கூட அவரால் தன் கட்சிக்கு இழுக்க முடியவில்லை. ரிட்டயராகி இப்போது பக்கத்துக் கிராமமான பூவத்தில் இருக்கிறார். ஆனால் சங்கத்தில் எல்லோரும் ஒரே மூச்சில் "சரி" என்று கை தூக்கினால் மணியனுக்கு மட்டும் முகம் தெளியாது. என் பக்கம் குனிந்து, "பூவம் வரைக்கும் போயி அந்த மனுஷன்கிட்ட ஒரு வாட்டி திட்டு வாங்கிட்டு வந்துடுவோமா?" என்பார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் செருப்பை மாட்டியிருப்பேன்.