மனைவிக்கு ஒதுக்கிய நினைவகம்

“முடிஞ்சுதா?”

“இப்பதாங்க ஓட ஆரம்பிச்சிருக்கு. போனை வைங்க!”

பத்து நிமிடத்தில் இது மூன்றாவது போன். கணவருக்கு மூன்றாம் மாடியில் மெயின்ஃப்ரேம் பராமரிப்பு. மனைவிக்கு முதல் மாடியில் ஓய்வூதியப் பிரிவு. பள்ளி நாடகத்தில் மூன்று வருடம் மரமாக நின்ற மகளுக்கு இன்றுதான் ஒரு வசனம் கிடைத்திருந்தது. நான்கு மணிக்கு இருவரும் கிளம்பியாக வேண்டும்.

“இந்தத் தடவையும் வரலன்னா நான் ஆயுசுக்கும் மரமாவே இருந்துடறேன்” என்று ஷூவை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள் குட்டிம்மா.

மனைவியின் வருடாந்தர அறிக்கை ஓடி முடிய ஆறு மணி நேரம். தொடங்கியதோ பதினொன்றுக்கு.

மெயின்ஃப்ரேம் பார்வைக்கு ஒரே அலமாரி. உள்ளே பிரிவுக்கு ஒன்றாகப் பதினேழு மாயக் கம்ப்யூட்டர்கள். மொத்த இயந்திரமும் தன்னுடையதே என்று ஒவ்வொன்றும் புது மாப்பிள்ளை மாதிரிக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். நினைவகத்தை அவற்றுக்குப் பொடிப்பொடிப் பக்கங்களாகக் கொடுப்பது வழக்கம். எந்தப் பொடி எங்கே என்று தேடியே பாதி ஆயுள் போய்விடும். பெரிய பக்கங்களாக ஒதுக்கினால் வேலை பறக்கும். ஒரே தொல்லை, ஒதுக்கியதை வேறு எவரும் தொட முடியாது.

மனைவியின் பிரிவுக்கு அவர் அப்படியே ஒதுக்கினார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. நாடகத்துக்குப் போகும் வழியில் பெருமை அடித்துக்கொள்ள வேண்டாமா?

ஒரு மணி நேரம் கழித்துத் திரையைப் பார்த்தார். ஓய்வூதியப் பிரிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“என்னம்மா ஆச்சு?”

“சரியா வரமாட்டேங்குதுங்க. தொணதொணக்காதீங்க!”

பசி அடங்கவில்லை போலும் என்று நான்கு மடங்காக்கினார்.

சம்பளப் பிரிவு அம்மாள் போனிலேயே பொரிந்து தள்ளினார். “ஒரு எழுத்து அடிச்சா அது திரைக்கு வர்றதுக்குள்ள எனக்கே தாடி முளைச்சிடும் போலிருக்கு சார்!”

அவருக்குச் சரக்குப் பிரிவிலிருந்து பிடுங்கிக் கொடுத்தார். சரக்குப் பிரிவு படுத்தது. அதைத் தூக்கி நிறுத்தப் பயிற்சிப் பிரிவை அணைத்தார். பயிற்சிக்கு வந்திருந்த நாற்பது பேரும் ஊர்வலமாக மாடியேறி வந்து அவர் வாசலில் நின்றார்கள். அவர்களைப் பிளந்துகொண்டு மேனேஜர் வந்தார்.

“யோவ், கட்டடமே ஸ்தம்பிச்சு நிக்குது! எவன்யா அவ்வளவு மெமரியையும் முழுங்கறது?”

“அதைத்தான் தேடிட்டிருக்கேன் சார்” என்றார், கூசாமல். மேனேஜர் தலை மறைந்ததும் இன்னும் இரண்டு மடங்கு ஒதுக்கினார்.

மூன்றே முக்கால். பதினாறு கம்ப்யூட்டர்கள் மூர்ச்சையாகிக் கிடந்தன. ஓய்வூதியப் பிரிவு மட்டும் ஜோராக ஓடிக்கொண்டே இருந்தது. குட்டிம்மா கிளை விரித்து நிற்பது போல அவர் கண்ணுக்குத் தெரிந்தது. மறுபடி எண்ணை அழுத்தினார். எடுத்தது மனைவியின் பக்கத்து இருக்கைப் பெண்.

“ஏம்மா, அந்த ரிப்போர்ட் நாலு மணிக்குள்ள முடியுமா, முடியாதா?”

“அது பதினொன்னரைக்கே முடிஞ்சுதுண்ணே! ஆறு மணி நேர வேலை அரை மணியில முடிஞ்சா யாரு நம்புவா? போகப் போக இன்னும் சீக்கிரமா வேற முடியுது. எங்கயோ பெரிய தப்பு நடக்குதுன்னு அக்கா இப்ப முப்பத்தி நாலாவது தடவையா ஓட்டிட்டிருக்காங்க!”