பெல்கார்டைப் படிக்கத் தோதான இடம்

இந்தக் குளிர்காலத்தில் மனைவியை ஒரு விஷயத்திலாவது ஜெயித்துக் காட்டுவது என்று ஆர்விட் நைக்விஸ்ட் சபதம் எடுத்தார். குளியலறைக் கதவைத் தாழிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, மனசுக்குள்ளேயே எடுத்தார். மார்டெலுக்குக் காது ரொம்பக் கூர்மை.

விஷயம் வேறொன்றுமில்லை, ஒரு குடிசை. சக்கரம் வைத்த மரக் குடிசை. மினசோட்டாவில் ஏரி உறைந்ததும் அதைத் தன் வண்டியில் கட்டி இழுத்துப்போய் ஏரி நடுவே நிறுத்திவிடுவார். உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு ஹீட்டர், தரையில் ஒரு ஓட்டை. அதற்கு நேர் கீழே பனிக்கட்டியில் இன்னொரு ஓட்டை. அதில் தூண்டிலை விட்டுவிட்டுச் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருப்பார். மீன் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் இன்னும் சந்தோஷம், கழுவுகிற வேலை மிச்சம். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். யாரும் கத்தாத இடம் என்று பூமியில் அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. அதுவும் காலைச் சாப்பாட்டு நேரத்தில்.

"ஆர்விட், உன் குடிசையை ஓர்வில் கேக்கறான்," என்றாள் மார்டெல், பான்கேக்கைப் புரட்டியபடி. ஓர்வில் அவளுடைய தம்பி.

"அவனுக்கு எதுக்கு?"

"கோழி வளர்க்கப் போறானாம்."

ஆர்விட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "என் குடிசையிலயா? கோழியா?"

"பின்னே? வாரத்துக்கு ஒரு நாள் போய்க் குந்திக்கிட்டிருக்கறதுக்கு அது எதுக்கு? கோழியும் குந்தும், ஆனா முட்டை போடும்."

"நான் சும்மா குந்தல. மீன் பிடிக்கறேன்."

"போன வருஷம் நீ பிடிச்ச மீனெல்லாம் சேர்த்தாலும் பூனைக்கு ஒரு வேளைக்குக் காணாது. இதப் பாரு. அந்தக் குடிசைக்கு உருப்படியா ஒரு உபயோகம் சொல்லு, நீயே வச்சுக்கோ. சொல்ல முடியலேன்னா ஓர்வில் வந்து இழுத்துட்டுப் போகட்டும்."

ஆர்விட் உபயோகத்தைத் தேடி சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். உப்பு, மிளகுத்தூள், சிரப் பாட்டில், மார்டெலின் மூக்குக்கண்ணாடி. மூக்குக்கண்ணாடிக்கு அடியில் ஒரு தடிப் புத்தகம். நூலகத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய பெட்டியிலிருந்து அவரே முன்னொரு நாள் பொறுக்கி வந்து, கராஜ் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த புத்தகம். அது எப்படிச் சமையலறைக்கு நடந்து வந்தது என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார். யோசிக்கிற பழக்கம் இருந்தால்தானே.

"படிக்கறேன்," என்றார்.

"எதை?"

"அதோ, அதை. பெல்கார்டை. சனிக்கிழமை சனிக்கிழமை குடிசையில உட்கார்ந்து பெல்கார்ட் படிக்கறேன். வெளியில சொல்லிக்கல, அவ்வளவுதான்."

ஹைரம் பெல்கார்ட் பக்கத்து ஊர்க்காரர். எழுத்தாளர். உயிரோடு இருந்தவரை அவரை யாரும் படிக்கவில்லை, செத்த பிறகும் ஜனங்கள் அந்தக் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய 'தானியக் கோபுரம்' தலைக்கு வைத்துப் படுக்கிற அளவுக்குத் தடிமன். முற்றுப்புள்ளி வைப்பதென்றால் கைக்காசு செலவாகிறமாதிரி யோசிக்கிற ஆள். ஒரு வாக்கியத்துக்குள் வசந்தத்தில் நுழைந்தால் அறுவடைக்குத்தான் வெளியே வரலாம்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கே?" என்று கேட்டாள் மார்டெல்.

"பாதிக்கு மேல."

"எப்படி இருக்கு?"

"கோபுரம்... நல்ல உயரமா இருக்கு."

மார்டெல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பான்கேக்கைப் புரட்டினாள். அவள் பேசினால் பயப்பட வேண்டியதில்லை, பேசாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று இத்தனை வருஷக் குடித்தனத்தில் தெரிந்து வைத்திருந்தும், ஆர்விட் அன்றைக்கு ஜெயித்துவிட்ட மிதப்பில் சிரப்பை இரண்டு மடங்கு ஊற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காபி குடிக்கும்போது மார்டெல் அந்தச் செய்தியை வாய் தவறி விட்டுவிட்டாள். அதாவது, ஐலீன் ஸ்டாக் நிற்கிற இடமாகப் பார்த்து வாய் தவறினாள். ஐலீன் மருந்துக்கடை வைத்திருந்த அம்மாள், பெல்கார்ட் வாசகர் வட்டத்தின் தலைவி. நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடுகிற அந்த வட்டத்தில் இருந்தது விரல் விட்டு எண்ணுகிற ஆட்கள். புதுசாக ஒரு வாசகன் கிடைத்தான் என்றதும் அந்த அம்மாள் காபியைத் தட்டில் கொட்டிவிட்டாள்.

"வியாழக்கிழமை வட்டம் நம்ம வீட்டுல கூடுது," என்றாள் மார்டெல், திரும்பி வரும்போது. "உன்னைச் சேத்துக்கலாமான்னு பாக்கறாங்க. சேந்துட்டேன்னா ஓர்வில்கிட்ட குடிசை கிடையாதுன்னு சொல்லிடறேன்."

"சேக்கலேன்னா?"

"கோழி."

ஆர்விட் அடுத்த நாளே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குடிசைக்கு ஓடினார். துணைக்குக் குழாய் ரிப்பேர் செய்கிற டுவேன். சின்ன வயசுச் சிநேகிதன். ஆளுக்கு ஒரு பக்கம் சத்தம் போட்டுப் படிப்பது என்று ஏற்பாடு.

"டேய், இந்த ஆள் எங்கடா மூச்சு விடறான்?" என்றான் டுவேன், பாதிப் பக்கத்தில் முகம் சிவந்து.

"விடமாட்டான். நீயா திருடி விட்டுக்கணும்."

"ஒரு பொம்பளை ரொட்டிக்கு வெண்ணெய் தடவறா. நானும் பக்கத்தைத் திருப்பிட்டேன், இன்னும் தடவிக்கிட்டே இருக்கா. எனக்குப் பசிக்குதுடா."

ரொட்டி முடிவதற்குள் இருவரும் தூங்கிப்போனார்கள். எழுந்து பார்த்தால் தூண்டில் இரையை மீன் தின்றுவிட்டுப் போயிருந்தது.

"இதுக்கு ஏன்டா கஷ்டப்படறே?" என்றான் டுவேன், தாடையில் ஒழுகியதைத் துடைத்துக்கொண்டு. "தேன் மாதிரி இருந்ததுன்னு சொல்லிடு. எழுத்தாளனைப் புகழ்ந்தா எந்த வாசகன் கோவிச்சுக்கப் போறான்?"

நியாயமாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை வட்டம் வந்து இறங்கியது. கம்பளிக் கோட்டுகள் படுக்கையில் மலையாகக் குவிந்தன. உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டுச் சுட்ட பதார்த்தத்தை ஒருவர் கொண்டுவந்தார், எலுமிச்சைக் கேக்கை இன்னொருவர். தட்டு நிறைந்ததும் பேச்சு ஆரம்பித்தது. ஆர்விட் மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர்கள் பேசியது கேட்க நன்றாகத்தான் இருந்தது. பல் டாக்டர் ஹார்லன் அந்த வெண்ணெய் தடவுகிற இடத்தை மனப்பாடமாகச் சொன்னார். பல் பிடுங்குகிற மனுஷனுக்குக் குரல் அப்படிக் குழையும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கதையில் வருகிற அந்த அம்மாள் ரொட்டியின் நாலு மூலைக்கும் வெண்ணெய் போகிறதா என்று பார்ப்பதிலேயே அவளுடைய மொத்த வாழ்க்கையும் இருக்கிறது என்று அவர் சொன்னபோது, ஆர்விட் தன்னை அறியாமல் அடுப்படிப் பக்கம் திரும்பி மார்டெலைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று எலுமிச்சைக் கேக்குக்குத் திரும்பிக்கொண்டார்.

ஐலீன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "மிஸ்டர் நைக்விஸ்ட், எங்க வட்டத்துல சேரணும்னா ஒரே ஒரு கேள்விதான். நீங்க எந்தப் பக்கத்துல புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சீங்க?"

"எறியறதா?" ஆர்விட் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் ஏங்க எறியப்போறேன்? தேன் மாதிரி வழுக்கிக்கிட்டு இறங்கிச்சு."

 ஹார்லன் வாய்க்குக் கொண்டுபோன கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"எறியாம பெல்கார்டைப் படிச்சவங்க யாருமே கிடையாதே," என்றாள் ஐலீன். "நான் கோதுமை வயல்ல எறிஞ்சேன். அன்னிக்கு நல்ல மழை. வீட்டுக்கு வந்துட்டேன். கதையில அவன் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டானா இல்லையான்னு தெரியாம உக்கார முடியல. திரும்பிப் போய்ச் சேத்துக்குள்ள தேடினேன்."

"நான் ஜன்னல் வழியா," என்றார் ஹார்லன். "ஜன்னல் சாத்தியிருந்தது."

எல்லாரும் எறிந்திருந்தார்கள். எல்லாரும் போய் எடுத்தும் இருந்தார்கள். அதைச் சொல்லும்போது பெற்ற பிள்ளையின் குறும்பைச் சொல்கிறமாதிரி முகம் பூரித்துப் போயிற்று. மார்டெல் காபிக் கெட்டிலோடு கதவோரம் நின்று ஆர்விட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்விட்டின் கண்ணுக்குக் கோழிகள் தெரிந்தன. அவருடைய பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

பயத்தில் மனுஷனுக்கு நாக்கில் சரஸ்வதி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்கள்லாம் வீட்டுல படிச்சிருப்பீங்க," என்றார் மெதுவாக.

"ஆமா."

"அதான் எறிஞ்சிருக்கீங்க. வீட்டுல ஃபோன் அடிக்கும். நாய் குலைக்கும். பொண்டாட்டி கூப்பிடுவா. பெல்கார்டோட வாக்கியம் அறுந்து போயிடும். அறுந்தா கோவம் வரும், கோவம் வந்தா எறியத்தான் தோணும். நான் ஏரி நடுவுல, குடிசையில உக்காந்து படிச்சவன். அங்க சுத்திலும் வெள்ளை. ஒரு சத்தம் கிடையாது. அவர் பாட்டுக்கு எழுதிக்கிட்டே போவார், நாம பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கலாம். பெல்கார்டைப் படிக்க அதை விட்டா வேற இடமே கிடையாது."

 ஐலீனின் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷம் நமக்கு இது தோணலையே, ஹார்லன்."

ஆர்விட் இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பேருந்து ஓட்டிய காலத்தில் பின்னாலிருந்து அவர் பேச்சை ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. இப்போது பெரிய மனுஷர்கள் வாய் பிளந்து கேட்கிறார்கள். விடுவாரா?

"ஒரு வார்த்தை பேசக் கூடாது," என்றார். "யாராவது தும்மினாக்கூடப் போச்சு."

"ஆனா தூண்டில் இருக்குமே? மீன் இழுத்தா கவனம் போகாதா?" என்றார் ஹார்லன்.

"தூண்டிலா? அது பேருக்கு. ஊர்ல நாலு பேர் கேப்பாங்களேன்னு வச்சிருக்கேன். மீன் யாருக்கு வேணும்?"

கை தட்டினார்கள். ஐலீன் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, எங்களில் ஒருவர் என்றாள். மார்டெலும் காபியை வைத்துவிட்டுக் கை தட்டினாள். "ஓர்வில்கிட்டச் சொல்லிடறேன்," என்றாள். "குடிசை இனிமே எங்கேயும் போகாது." ஆர்விட் இன்னொரு கேக்கை எடுத்துக்கொண்டார். ஒரு மனுஷன் வாழ்க்கையில் கேக் அப்படி இனித்திருக்காது.

"நானும் சேரலாமா?" என்றாள் மார்டெல்.

"நீங்க பெல்கார்ட் படிச்சிருக்கீங்களா?"

"சனிக்கிழமையில இவர் ஏரிக்குப் போயிடுவார், வீடு அமைதியா இருக்கும். ஒரு தடவை முடிச்சிட்டு, மறுபடியும் முதல்லேர்ந்து படிச்சேன். அந்தம்மா நாலு மூலைக்கும் வெண்ணெய் தடவிக் குடுக்கறா, அவன் தின்னுட்டு நிமிர்ந்துகூடப் பாக்காம எழுந்து போறான் பாருங்க, அந்த இடத்துல எறிஞ்சேன். இவரோட நாற்காலி மேல."

வட்டம் மொத்தமும் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டது. ஆர்விட் கேக்கை மென்றுகொண்டே இருந்தார், விழுங்க மறந்துபோய்.

"ஆனா இவர் சொன்னமாதிரி ஏரியில படிக்கணும்னு எனக்குத் தெரியாம போச்சே," என்றாள் மார்டெல். "வர்ற சனிக்கிழமையிலேர்ந்து எல்லாரும் அங்கேயே போயிடலாம். குளிர்காலம் முழுக்க. முதல் பக்கத்திலேர்ந்து ஆரம்பிப்போம்."

"பெஞ்சு பத்தாதே," என்றார் ஆர்விட், பலவீனமாக.

"தூண்டில் சாமானையெல்லாம் வெளியில எடுத்துட்டா தாராளமா இடம் இருக்கும். அது பேருக்குத்தானே."

வெள்ளிக்கிழமை ஆர்விட் மானத்தை விட்டு மைத்துனனுக்கு ஃபோன் செய்தார். குடிசையைக் கோழிக்கே எடுத்துக்கொள் என்றார். இந்தக் கும்பலுக்குக் கோழி எவ்வளவோ மேல்.

"கோழியா?" என்றான் ஓர்வில். "எனக்கு இறகு பட்டாலே தும்மல் பிச்சுக்கும், அத்தான். அக்காவுக்குத் தெரியுமே."

சனிக்கிழமை காலையில் பெல்கார்ட் வாசகர் வட்டத்தை ஏரி நடுவே கொண்டுபோய் இறக்கிவிட்டது ஆர்விட்தான். ஹீட்டரைப் பற்றவைத்துக் கொடுத்தார். தரை ஓட்டையின் மேல் பலகை போட்டு மூடினார், யார் காலாவது மாட்டிக்கொள்ளும் என்று மார்டெல் சொன்னாள். பிறகு தூண்டில், வாளி, இரை டப்பா எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஓர்வில் கோழியே கேக்கலையாமே," என்றார் தணிந்த குரலில்.

"கேக்கல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"இந்தப் புத்தகத்தைப் பத்திப் பேச வீட்டுல ஒரு ஆள் இல்லையேன்னு இருந்தது. உன்னைப் படிக்க வைக்கலாம்னு உன் கண்ணுல படற மாதிரி வச்சுப் பாத்தேன். நீ எனக்குப் பேச ஒரு கூட்டத்தையே பிடிச்சுக் குடுத்துட்டே. அதுவும் நல்லதுதான்." அவள் சிரித்தாள். பார்க்க அழகாக இருந்ததுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

"நானும் உறுப்பினர்தானே. ஓரமா உக்காந்துக்கறேன்."

"நீதான் முடிச்சாச்சே. உள்ளே ஒரு தும்மல்கூட ஆகாதுன்னு சொன்னவனும் நீதான். உன் குறட்டையை எங்கே கொண்டுபோய் வைக்கறது?"

"அப்போ சாயங்காலம் வரைக்கும் நான் என்ன செய்யறது?"

உள்ளே ஐலீன் முதல் வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டாள். அது முடிய எப்படியும் மத்தியானம் ஆகும். மார்டெல் கதவைச் சாத்தப் போனவள், பாதியில் நிறுத்தித் தலையை மட்டும் நீட்டினாள்.

"வீட்டுக்குப் போ. மீன் ஞாபகம் வந்தா, அலமாரியில டப்பா மீன் இருக்கு."