பழுதாக மாட்டேன் என்ற மெஷின்

வோஷிங் மெஷின் திரும்பவும் வேலை செய்யத் தொடங்கியதும் முத்துக்குமாருவுக்கு மனம் விட்டுப்போனது.

"இப்ப பாருங்கோ மாமா, எப்பிடிச் சுத்துது எண்டு!" என்றான் செந்தூரன். நீர்வேலிச் சந்தியில் மோட்டர் வைண்டிங் கடை வைத்திருப்பவன். வாழைத்தோட்டத்துக்கு இறைக்கிற மோட்டர்களைத் திருத்தித் திருத்தி, சுற்றுகிற எதையும் சும்மா விட முடியாத ஆளாகிவிட்டவன். "கப்பாசிற்றர்தான் போயிருந்தது. புதுசு போட்டிட்டன்."

"கெட்டிக்காரன்," என்றார் முத்துக்குமாரு, செத்தவீட்டில் துக்கம் விசாரிக்கிற குரலில்.

அவருடைய கவலை நியாயமானது. மனைவி பராசக்தி, மகள் கோபிகாவின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போனவர். ஆறு மாதத்தில் திரும்புவதாகத்தான் பேச்சு. பேரன் பிறந்தான், தவழ்ந்தான், நடந்தான், இப்போது ஓடுகிறானாம். பராசக்தி மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "எப்ப வாறீர்?" என்று இவர் கேட்டால், "பாப்பம்" என்று பதில் வரும்.

பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று முத்துக்குமாருவுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கக்கடை மனேச்சராக இருந்த காலம் முழுக்க, சீனி கேட்டவனுக்கும் மண்ணெண்ணெய் கேட்டவனுக்கும் அவர் சொன்ன ஒரே பதில் அதுதான். பாப்பம் என்று சொல்லிவிட்டு ஒருவனுக்கும் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் மனுசியின் வாயிலிருந்து வரும்போது அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று நம்பினார். வீட்டில் தனியாகக் கிடந்தால் மனுசனுக்குப் புத்தி இப்படித்தான் போகும்.

இப்படி இருக்கையில் போன கிழமை மெஷின் நின்றது. கிழட்டு மெஷின், ஒரு பக்கம் தோய்க்க, மறுபக்கம் பிழிய. சாரங்கள் எல்லாம் சவர்க்காரத் தண்ணீரில் மிதக்க, அது ஒரு முனகலோடு அடங்கிப்போனது. முத்துக்குமாரு அதைப் போனில் சொன்னார்.

"ஐயோ! தோள் ஏலாத மனிசன் உந்த உடுப்பையெல்லாம் எப்பிடித் தோய்க்கிறது?" என்று பதறினார் பராசக்தி. "நான் ஒருக்கா வரத்தான் வேணும் போல கிடக்கு. பாப்பம்."

வரத்தான் வேணும்! எத்தனை கோயிலுக்கு நேர்ந்தும் நடக்காததை ஒரு பழைய மெஷின் செய்துவிட்டது. முத்துக்குமாரு அன்றைக்கே பராசக்தியின் மெத்தையை வெயிலில் போட்டார். மெத்தை காய்வதற்குள் கோபிகா செந்தூரனுக்குப் போன் பண்ணிவிட்டாள். அவனும் வந்து திருத்திவிட்டான்.

"திருத்தியாச்சோ? நல்லதாப் போச்சு," என்றார் பராசக்தி. வருகிற கதை அதோடு நின்றுவிட்டது.

முத்துக்குமாரு மெத்தையை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு மெஷினை வெறுப்போடு பார்த்தார். பிறகு முற்றத்துக்குப் போய் ஒரு பேணி நிறைய மண் அள்ளினார். அது காணாது என்று நினைத்து ஒரு பிடி ஆணியும் சேர்த்தார். மெஷினுக்குள் கொட்டி, முடுக்கிவிட்டார்.

சத்தம் கேட்டு அடுத்த வளவுச் சிவகௌரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணை, திரும்பவும் ஷெல்லடி தொடங்கிட்டுதோ?"

"மெஷின் பழுது பிள்ளை," என்றார் முத்துக்குமாரு சந்தோசத்தை மறைத்துக்கொண்டு. "நான் என்ன செய்ய? மனிசி இருந்தால் இப்பிடி வருமே?"

"ஏன் அண்ணை அந்தரப்படுறியள்? உடுப்பைத் தாங்கோ, நான் தோய்ச்சுத் தாறன்."

"சீச்சீ, வேண்டாம்!" என்றார். ஊரில் இவ்வளவு நல்ல மனிதர்கள் இருப்பது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

அன்றிரவு போன் எடுத்தபோது பராசக்தி ஒரு பஸ்ஸில் இருந்தார். பின்னால் நாலைந்து பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கோயிலுக்குப் போறம். போட்டு அப்பிடியே ஆத்தங்கரையிலை சமைச்சுச் சாப்பிடுறதாம்," என்றார். மெஷின் கதையைக் கேட்டதும் குரல் இறங்கியது. "திரும்பவுமோ? என்ன கோதாரி இது! சரி, பிளேன் ரிக்கற்றைப் பாக்கச் சொல்லி மகளிட்டைச் சொல்லுறன். பாப்பம்."

ரிக்கற் வரைக்கும் வந்துவிட்டது! முத்துக்குமாருவுக்கு அன்றைக்கு நல்ல நித்திரை. விடிந்ததும் படலையைத் திறந்துகொண்டு வந்தது செந்தூரன்.

மெஷினைக் குப்புறக் கவிழ்த்து, தோய்க்கிற தட்டைக் கழற்றி, உள்ளே கிடந்ததை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினான்.

"மாமா, இவ்வளவு மண் எப்பிடி உள்ளை வந்தது?"

"கிணத்துத் தண்ணியோடை வந்திருக்கும்."

"ஆணி?"

"அது பழைய கிணறு தம்பி."

செந்தூரன் தலையைச் சொறிந்தான். ஆனால் திருத்தாமல் போகிற சாதியா அவன்? எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் விட்டு, பெல்ற்றும் புதிதாக மாற்றினான். பராசக்தி இருந்த காலத்திலேயே வேலை செய்யாமல் விட்ட பிழிகிற பக்கமும் இப்போது சுற்றியது. "இனி உங்கடை ஆயுளுக்கும் இது நிக்காது," என்று வாக்கும் கொடுத்தான். முத்துக்குமாருவுக்கு அழுகை வரும்போல இருந்தது.

அவன் போனதும் குசினிக்குள்ளிருந்து கத்தியை எடுத்து வந்து அந்தப் புதுப் பெல்ற்றை வெட்டினார். தோள் வலிக்க வலிக்க வெட்டினார். வெட்டி முடித்த பிறகுதான் என்ன சொல்வது என்ற யோசனை வந்தது. எலி என்று சொல்லலாம். வீட்டில் மனுசர் இல்லாவிட்டால் எலிதானே இருக்கும்.

மூன்றாம் முறையும் வந்த செந்தூரன் பெல்ற்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எலி கடிச்சுப்போட்டுது," என்றார் முத்துக்குமாரு.

"மாமா, இந்த எலி கத்தியாலை எல்லோ வெட்டியிருக்கு."

முத்துக்குமாரு கதவு நிலையில் சாய்ந்து அப்படியே கீழே இருந்துவிட்டார்.

"எனக்கு மெஷின் வேண்டாம் தம்பி. எனக்கு அவ வரவேணும். இந்த வீட்டிலை ஒரு பாத்திரம் உருளுற சத்தம்கூட இல்லை. நான் இருமினால் நான்தான் கேக்கிறன். உது திருந்தத் திருந்த அவ அங்கை நிம்மதியா இருந்திடுவா. விளங்குதோ?"

செந்தூரன் பெல்ற்றைக் கீழே வைத்தான். அவனுக்குக் கண் கலங்கித்தான் போனது.

"இதை முதலே சொல்லியிருந்தால் அந்தக் கப்பாசிற்றராவது மிஞ்சியிருக்குமே மாமா," என்றவன், தன் போனை எடுத்து அவர் முன்னாலேயே கனடாவுக்கு அடித்தான். சத்தத்தையும் கூட்டி வைத்தான்.

"அன்ரி, மெஷின் முடிஞ்சுது. இனி ஒருத்தராலையும் ஏலாது."

"ஒண்டும் செய்யேலாதோ தம்பி?"

"பழைய இரும்புக்குத்தான் போடவேணும் அன்ரி. மாமாதான் பாவம். ஆளும் மெலிஞ்சு போனார். நீங்கள்தான் ஏதும் பாக்கவேணும்."

பராசக்தியின் குரல் உறுதியாக வந்தது. "ஓம் தம்பி. இனி நான்தான் பாக்கவேணும். வாற கிழமைக்குள்ளை ஒழுங்கு செய்யிறன். அவரிட்டை யோசிக்க வேண்டாம் எண்டு சொல்லும்."

போன் வைத்ததும் முத்துக்குமாரு செந்தூரனின் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டனியோ? பாப்பம் எண்டு சொல்லேல்லை! ஒழுங்கு செய்யிறாவாம்!"

அந்தக் கிழமை முழுக்க அவர் மனிதனாக இருந்தார். மெத்தை மறுபடி வெயிலுக்குப் போனது. தலைமயிர் வெட்டினார். ஒட்டறை அடித்தார். கதலி வாழைக்குலை ஒன்றை வாங்கிக் குசினி வளையில் தொங்கவிட்டார். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று போனில் கேட்க நினைத்தார், ஆனால் கேட்டால் பராசக்தி மனம் மாறிவிடுவாரோ என்று பயந்து கேட்கவில்லை. சிவகௌரியிடம் மட்டும், "அவ வாறா பிள்ளை," என்று வேலியடியில் நின்று சொன்னார். அவள் கைதட்டிச் சிரித்தாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை மத்தியானம் படலையடியில் ஹோர்ன் சத்தம் கேட்டது. முத்துக்குமாரு சாரத்தை மாற்றி வேட்டியைக் கட்டியும் கட்டாமலும் ஓடினார்.

நின்றது வான் இல்லை. சாமான் ஏற்றுகிற சின்னப் பட்டா வாகனம். பின்னால் ஓராள் உயரத்துக்கு ஒரு மட்டைப்பெட்டி.

"முத்துக்குமாரு ஐயா வீடோ?" என்றபடி ஒருவன் இறங்கினான்.

"ஓம். ஆள் எங்கை?"

"எந்த ஆள்? மெஷின்தான் ஐயா வந்திருக்கு. கனடாவிலையிருந்து அம்மா எடுத்துத் தந்தவ. வீடியோ கோல்லை நிண்டு, கடையிலை இருந்த மெஷின் ஒண்டு விடாமல் பாத்தவ. அப்பிடிக் கவனமான மனிசி!"

முத்துக்குமாரு பெட்டியைப் பார்த்தார். நெஞ்சு ஒருமுறை அடங்கி, திரும்ப எழும்பியது. ஏன், இதிலும் ஒரு நியாயம் இருக்கிறதே. ஒரு பெண் தான் வந்து புழங்கப்போகிற வீட்டுக்குத்தானே இப்படிப் பார்த்துப் பார்த்துச் சாமான் வாங்குவாள்? மெஷின் முதலில் வரும், அவர் பின்னால் வருவார். அப்படித்தான் இருக்கவேண்டும்.

அவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். வாகனம் உறுமிக்கொண்டு நின்றது. முத்துக்குமாரு அவன் தோளைத் தொட்டுக் கேட்டார்.

"தம்பி, அவ வாறன் எண்டு ஏதும் சொன்னவவோ?"

"வாரன்ரியோ ஐயா? அதைத்தான் முதலிலையே கேட்டவ: அஞ்சு வருசம் காணாது, பத்து வருசம் உள்ளதாத் தாங்கோ, அதுக்குள்ளை நான் அந்தப் பக்கம் வரமாட்டன் எண்டு."